போர்வெல்லில் தண்ணீர் வந்தாச்சு, கரண்டுக்கு என்ன வழி? வரிசை, தட்கல், சோலார், டீசல்: காயில் கடையிலிருந்து ஒரு கணக்கு

காரிமங்கலம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மாசி பிறந்துவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மோட்டாரோடு வருவதில்லை, கேள்வியோடு வருகிறார்கள். போன வாரம் மட்டும் மூன்று பேர்.

முதல் ஆள் பென்னாகரத்துப் பக்கத்துத் தம்பி. 820 அடி போர் போட்டு, கடைசியில் தண்ணீர் விழுந்திருக்கிறது. ஒரு ஏக்கர் தக்காளி நடவேண்டும். "போருக்கே நகை போயிடுச்சுங்கண்ணா, இப்ப கரண்டு சர்வீஸ் இல்லாம நிக்கறேன்." இரண்டாவது, காவேரிப்பட்டணத்து அம்மா ஒருவர். இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, 60 அடி கிணறு, தண்ணீர் மேலேயே நிற்கிறது. சோலார் போடச் சொல்லி மகன் நச்சரிக்கிறானாம். மூன்றாமவர் அஞ்செட்டி போகிற வழியில் காட்டோரம் நிலம் வைத்திருப்பவர். கடைசி மின்கம்பத்திலிருந்து அவர் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டர்.

மூவரும் கேட்டது ஒரே கேள்வி: "எதுங்க நல்லது?" மூவருக்கும் மூன்று பதில் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

## விலை கேட்பதற்கு முன்னால்

எல்லோரும் முதலில் விலையைக் கேட்கிறார்கள். நான் தண்ணீர் மட்டத்தைக் கேட்பேன். போர் எத்தனை அடி என்பது போர்வண்டிக்காரருக்குக் காசு கொடுக்கத்தான் உதவும். கரண்டுக் கணக்குக்கு வேண்டியது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் எந்த அடிக்கு இறங்கி நிற்கிறது என்பது. 800 அடி போரில் 350 அடியில் நிற்கும் தண்ணீரும் உண்டு, 750க்கு ஓடிப்போகும் தண்ணீரும் உண்டு. வாடகைக்கு ஒரு மோட்டாரும் ஜெனரேட்டரும் எடுத்து, ஒருநாள் முழுக்க ஓட்டி, நிறுத்திய கையோடு கயிற்றில் எடை கட்டி விட்டு அளந்து பாருங்கள். அந்த ஒருநாள் வாடகைக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, பிறகு லட்சக்கணக்கில் தப்பான மோட்டார் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இது முக்கியம்? ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 அடி தூக்க, மோட்டார், பம்ப், பைப் எல்லாவற்றிலும் போகிற நஷ்டம் சேர்த்து, சுமாராக 0.2 யூனிட் ஆகும். இது என் கைக்கணக்கு. பம்ப் நல்லதாக இருந்தால் கொஞ்சம் குறையும், பழையதாக இருந்தால் கூடும். சொட்டுநீரில் ஒரு ஏக்கருக்கு ஒருநாளைக்கு 4 மில்லிமீட்டர் தண்ணீர் விட்டால் 16,000 லிட்டர். இப்போது பெருக்கிப் பாருங்கள்:

100 அடியில் தண்ணீர்: நாளைக்கு 3 யூனிட்.
400 அடி: 13 யூனிட்.
700 அடி: 22 யூனிட்.

அதே ஏக்கர், அதே தக்காளி, ஆனால் செலவாகும் கரண்ட் ஏழு மடங்கு. பாலக்கோட்டுக்காரர் ஒருவருக்குச் சரியாக வந்தது பென்னாகரத்துக்காரருக்கு ஏன் சரிவரவில்லை என்பதற்கு முக்கால்வாசிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதி அளவுகோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயிர் வருஷம் பூராவும் குடிக்குமா, மூன்று மாதம்தானா? தண்ணீர் குறித்த நேரத்துக்குக் கட்டாயம் வேண்டுமா, வந்தபோது விட்டால் போதுமா? பணம் கையில் இருக்கிறதா, கடனா? பட்டா யார் பெயரில் இருக்கிறது? கூட்டுப் பட்டா என்றால் மற்ற பங்காளிகள் கையெழுத்துப் போடுவார்களா? கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று: கெட்டுப்போனால் யார் வந்து பார்ப்பார்கள்?

## வழி ஒன்று: சாதாரண வரிசையில் இலவச சர்வீஸ்

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் சும்மா வந்ததல்ல. 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் நடந்த போராட்டங்களும் துப்பாக்கிச் சூடுகளும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவசம் ஆனது. 1990இல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும்.

இலவசம் என்றால் யாருமே கட்டவில்லை என்று அர்த்தமில்லை. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விவசாய சர்வீஸுக்கும் ஒரு கட்டணம் வகுக்கிறது. மீட்டர் இல்லாத சர்வீஸுக்கு அது ஒரு ஹெச்பிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று இருக்கும். அதை நமக்குப் பதில் அரசு கட்டுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 5 ஹெச்பி சர்வீஸ் வாங்கிவிட்டு 7.5 ஹெச்பி மோட்டார் இறக்குகிறவர்கள் "இலவசம்தானே, யாருக்கு நஷ்டம்" என்று என்னிடமே கேட்கிறார்கள். கணக்கே ஹெச்பியில்தான் ஓடுகிறது. ஆய்வுக்கு வந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள். அது போக, அந்த டிரான்ஸ்ஃபார்மரில் தொங்குகிற எல்லோர் வோல்டேஜும் இறங்கும்.

இந்த வழியின் உண்மையான விலை காத்திருப்பு. 2021இல் ஒரு லட்சம் விவசாய இணைப்பு கொடுக்கும் திட்டம் தொடங்கியபோது, மாநிலம் முழுக்க 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் நிலுவையில் இருந்தன. சாதாரண வரிசையில் இருபது ஆண்டு காத்திருந்தவர்கள் உண்டு. 10,000, 25,000, 50,000 ரூபாய் கட்டும் சுயநிதி வரிசைகள் இதைவிட வேகமாக நகர்ந்தன. ஆனாலும் வருஷக்கணக்கு வருஷக்கணக்குதான். அப்பா பதிந்து, முறை வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்து, மகன் வாரிசுச் சான்றிதழோடு அலைகிற கதை நம் மாவட்டத்தில் ஊருக்கு ஒன்று தேறும்.

அடுத்த செலவு என் கடைக்கு வருவது. லைனின் வால் பக்கம் இருக்கிற தோட்டங்களில், எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 340தான் வரும். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 340 வோல்டில் மூன்றில் ஒரு பங்கு இழுவை போய்விடும். தூக்கவேண்டிய தண்ணீரோ குறையவில்லை. மோட்டார் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும், சூடாகும், காயில் போகும். என் கடையில், தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் 5 ஹெச்பி சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் காயில் கட்ட ஏழெட்டாயிரம். அதைவிட 700 அடியிலிருந்து பைப்பைக் கழற்றிக் கழற்றி மேலே தூக்கி, திரும்ப இறக்கும் கூலி பெரிது. வருஷத்துக்கு ஒருமுறை இது நடந்தால், இலவச மின்சாரத்துக்கு நீங்கள் எனக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள் என்று பொருள்! ஸ்டார்டரில் குறைந்த வோல்டேஜுக்கும் மூன்று பேஸில் ஒன்று போவதற்கும் ட்ரிப் ஆகிற ரிலே இருக்கிறதா என்று பாருங்கள். கெபாசிட்டர் போடுங்கள். இதைச் சொல்லி என் வியாபாரத்தை நானே கெடுத்துக்கொள்கிறேன் என்று என் வீட்டில் திட்டு.

இரவு கரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டாருக்கு வேண்டிய மும்முனை கரண்ட் பகலில் இத்தனை மணி, ராத்திரியில் இத்தனை மணி என்று முறை வைத்து வரும்போது, ராத்திரியில் வரப்பில் நடந்து போய் மடை மாற்றியவர்களுக்குப் பாம்பு பயம் தெரியும். இப்போது காற்று மெல்ல மாறுகிறது. பகலில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது, நெருக்கடி மாலைக்கு மேல்தான். 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி நாட்களில் தோட்ட மோட்டார்கள் பகலிலேயே ஓடி முடிந்தால் விநியோகக் கழகத்துக்கும் நிம்மதி. பகல் மும்முனை கூடும் என்பது என் கணிப்பு. எவ்வளவு, எப்போது என்று உங்கள் பீடருக்கு, அதாவது உங்கள் ஊருக்கு வரும் லைனுக்கு, உங்கள் லைன்மேனைக் கேளுங்கள்.

நீங்கள் எந்த வழிக்குப் போனாலும், பட்டா, கிராம நிர்வாக அலுவலர் சான்று, புல வரைபடம் எடுத்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் போய் வரிசையில் பதிந்துவிடுங்கள். வரிசையில் உங்கள் இடத்தைச் சொல்லும் மூப்பு எண்ணுக்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும், அதற்குத் தீனி போடவேண்டியதில்லை.

## வழி இரண்டு: தட்கல்

பணம் கட்டி முன்னால் போவது. அரசு அறிவித்த தொகை 5 ஹெச்பிக்கு இரண்டரை லட்சம், 7.5க்கு 2.75 லட்சம், 10க்கு மூன்று லட்சம், 15க்கு நான்கு லட்சம். கவனியுங்கள், தொகை ஹெச்பியை வைத்து. கம்பம் எத்தனை நடவேண்டும் என்பதை வைத்து அல்ல. கடைசிக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே கிணறு இருப்பவருக்கு இது கொஞ்சம் நஷ்டமான பேரம். அரைக் கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு நல்ல பேரம்.

இது எப்போதும் திறந்திருக்கிற கதவும் அல்ல. அறிவிப்பு வரும்போது, இத்தனை பேருக்கு என்று திறக்கும். திறந்திருக்கிறதா என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு நகைக்கடைக்குப் போங்கள். முதலில் அடகு வைத்துவிட்டு மூன்று மாதம் வட்டி கட்டியவர் ஒருவர் எனக்குத் தெரியும்.

ஒரு மறைந்த விஷயம்: இரண்டரை லட்சம் கட்டினாலும் வருவது அதே லைன், அதே டிரான்ஸ்ஃபார்மர், அதே 340 வோல்ட். காத்திருப்பைத்தான் பணம் கொடுத்து வாங்குகிறீர்கள், கரண்டின் தரத்தை அல்ல.

ஆனால் வட்டிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி போய்விடும். இரண்டரை லட்சத்துக்கு ஒன்பது சதவீத நகைக்கடன் என்றால் வருஷ வட்டி 22,500. இந்த எண்ணை மனதில் வையுங்கள். டீசலுக்கு வரும்போது தேவைப்படும்.

## வழி மூன்று: மானியத்தில் சோலார் பம்ப்

மத்திய அரசின் பிஎம் குசும் திட்டம் 2019இல் தொடங்கியது. நம் மாநிலத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக நடக்கிறது. மானியம் பொது விவசாயிகளுக்கு 60 சதவீதம், சிறு குறு விவசாயிகளுக்கு 70, ஆதிதிராவிடர் பழங்குடியினரில் சிறு குறு விவசாயிகளுக்கு 80 வரை என்று அறிவித்திருந்தார்கள். செட்டின் விலை நான்கு லட்சம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் கையிலிருந்து போவது 1.6, 1.2 அல்லது 0.8 லட்சம். மத்திய மானியக் கணக்கு 7.5 ஹெச்பி வரைதான். அதற்கு மேல் பெரிய மோட்டார் போட்டால் மேல்பாரம் உங்களுடையது.

இனி என் கணக்கு. 5 ஹெச்பி செட்டுக்குச் சுமார் 4.8 கிலோவாட் பேனல் வரும். நல்ல வெயில் நாளில் பம்புக்குக் கிடைப்பது 18, 20 யூனிட். தண்ணீர் 400 அடியில் இருந்தால் அது ஒன்றரை ஏக்கர் சொட்டுநீருக்குப் போதும். 700 அடி என்றால் ஒரு ஏக்கருக்கே இழுபறி. பேனலைக் கூட்டலாம், ஆனால் மானியம் கூடாது. ஆக, மோட்டார் ஓடும்போது தண்ணீர் மட்டம் 400, 450 அடிக்குள் இருந்தால் சோலார் பக்கம் சாயலாம், அதற்குக் கீழே என்றால் இரண்டு தடவை யோசிக்கவேண்டும் என்பது என் எல்லைக்கோடு. கம்பெனிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வெயில் பம்ப் ஒரே சீராக ஓடாது. எட்டரை மணிக்கு மெல்ல எழுந்து, பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை நன்றாகத் தள்ளி, பிறகு அடங்கும். காலை மந்தமான தண்ணீரில் சொட்டுநீருக்குப் பிரஷர் ஏறாது. கடைசி வரிசைச் செடிக்குப் போகவே போகாது. அதனால் நிலத்தின் மேட்டில் ஒரு தொட்டியோ, தார்ப்பாய் விரித்த குட்டையோ கட்டி அதில் நிரப்பிக்கொள்வதே சரி. அந்தத் தொட்டிச் செலவை மானியப் படிவத்தில் யாரும் எழுதுவதில்லை. பேனலுக்கு ஒரு சென்ட் இடமும், நிழல் விழாத திசையும் வேண்டும். கிரானைட் குவாரி பக்கம் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை தூசி துடைக்கவேண்டும். காட்டோரம் குரங்குத் தொல்லை, ஊரோரம் கேபிள் திருட்டு.

கெட்டுப்போனால்? ஐந்து ஆண்டுப் பராமரிப்பு கம்பெனி பொறுப்பு. ஆனால் போன் போட்டு ஆள் வர எத்தனை நாள் ஆகும் என்று, ஏற்கெனவே போட்ட பக்கத்து ஊர்க்காரரிடம் கேளுங்கள், கம்பெனியிடம் கேட்காதீர்கள். தக்காளி பூவெடுக்கும்போது பத்து நாள் தண்ணீர் நின்றால் பயிர் போச்சு. இன்னொன்று, தொழில்காரனாகச் சொல்கிறேன்: டிசி மோட்டார் வந்தால் என்னால் காயில் கட்ட முடியாது. ஏசி சப்மெர்சிபிள் என்றால் ஐந்து வருஷத்துக்குப் பிறகு எந்த ஊர்க் கடையிலும் கட்டலாம். தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் ஏசி கேளுங்கள். பின்னால் ஈபி சர்வீஸ் வந்தால் அதே மோட்டாரை அதில் ஓட்ட முடியுமா என்றும் கேளுங்கள். எத்தனை வோல்ட் காயில் என்பதைப் பொறுத்தது அது.

எல்லாவற்றையும் விடப் பெரிய மறைசெலவு ஒரு காகிதத்தில் இருக்கிறது. சோலார் மானியத்துக்கு, இலவச மின் இணைப்பு வரிசையில் உங்களுக்கு உள்ள மூப்பைத் துறக்கச் சம்மதம் கேட்கும் நிபந்தனை இருந்துவந்திருக்கிறது. அதற்கு விலக்குகளும் உண்டு. 2006இல் அப்பா பதிந்த எண்ணை, இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் முறை வரும் நிலையில், படிக்காமல் கையெழுத்துப் போட்டு விட்டுவிடாதீர்கள். போன வருஷம் பதிந்தவருக்கு அது பெரிய இழப்பல்ல. கையெழுத்துக்கு முன்னால் அந்த வரி இருக்கிறதா, விலக்கு உங்களுக்கு உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்திலேயே நேராகக் கேளுங்கள்.

புதிதாகப் போர் போட்டு இந்த மானியத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். நிலத்தடி நீர் அளவுக்கு மேல் உறிஞ்சப்பட்ட குறுவட்டங்கள் தருமபுரியில் நிறைய. அங்கே புதுப் போருக்கு மானிய பம்ப் கிடைப்பது கடினம், சொட்டுநீரும் கட்டாயமாகலாம்.

## வழி நான்கு: டீசல்

டீசலைப் பற்றி எல்லோரும் கெட்டதாகவே பேசுகிறார்கள். ஆழத்தைப் பார்த்துப் பேசவேண்டும்.

60 அடி கிணற்றில் 5 ஹெச்பி இன்ஜின் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். அந்த மணி நேரத்தில் 25,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் தள்ளிவிடும். மாமரத்துக்கு வருஷத்தில் சில தடவை தண்ணீர் விடவேண்டியவருக்கு இதைவிடச் சிக்கனம் எதுவுமில்லை. ஆனால் இன்ஜின் பம்ப் 25 அடிக்கு மேல் உறிஞ்சாது. கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கித்தான் வைக்கவேண்டும்.

ஆழமான போர் என்றால் இன்ஜின் உதவாது, ஜெனரேட்டர் வைத்து சப்மெர்சிபிளை ஓட்டவேண்டும். சின்ன ஜெனரேட்டர் லிட்டருக்கு இரண்டரை, மூன்று யூனிட் கொடுக்கும். 700 அடியிலிருந்து ஏக்கர் தக்காளிக்கு 22 யூனிட் என்றோமே, அது தினம் 8 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்றாலே 720 ரூபாய். நூறு நாள் தண்ணீர் விட்டால் 72,000. ஒரு போகத்துக்கு! மேலே சொன்ன தட்கல் வட்டி 22,500ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்கு ராயக்கோட்டை மண்டியில் விழுகிற வருஷம் இந்த டீசல் காசுக்கே விற்காது.

## வாய்விட்டுச் சொல்லாத ஐந்தாவது வழி

பக்கத்துத் தோட்டத்து லைனில் இழுத்துக்கொள்வது, வீட்டு சர்வீஸில் மோட்டார் போடுவது. இரண்டும் நடக்கிறது, எல்லோருக்கும் தெரியும். 2003 மின்சாரச் சட்டத்தில் 126ஆம் பிரிவு, கொடுத்த நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தினால் இரு மடங்கு கட்டணம் என்கிறது. 135ஆம் பிரிவு திருட்டு; அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. மாட்டினால் சர்வீஸ் கொடுத்தவரும் சேர்ந்து மாட்டுவார், உறவும் கெடும்.

காட்டோரத்தில் இதன் தம்பி ஒன்று உண்டு: தோட்ட சர்வீஸிலிருந்து வேலிக்குக் கரண்ட் விடுவது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. மனிதர்களும் செத்திருக்கிறார்கள். யானைக்குச் சோலார் வேலி என்று ஒன்று இருக்கிறது. அது சுரீரென்று அடித்து விரட்டும், கொல்லாது.

பக்கத்துக் கிணற்றில் மகசூல் பங்குக்குத் தண்ணீர் வாங்குவது வேறு. ஒரு போகம் தாண்ட அது நல்ல ஏற்பாடு, உறவு இருந்தால்.

## ஒரே பார்வையில்

| | சாதாரண வரிசை | தட்கல் | மானிய சோலார் | டீசல் |
|---|---|---|---|---|
| கைப்பணம் | மிகக் குறைவு | 2.5 லட்சம் முதல் | விலையில் 20 முதல் 40 சதவீதம் | இன்ஜின் அல்லது ஜெனரேட்டர் விலை |
| தினச் செலவு | கரண்டுக்கு இல்லை | கரண்டுக்கு இல்லை | இல்லை | ஆழத்துக்கு ஏற்ப எகிறும் |
| எப்போது கிடைக்கும் | வருஷக்கணக்கு | அறிவிப்பு வந்தால், மாதக்கணக்கு | ஒதுக்கீடு இருந்தால், மாதக்கணக்கு | நாளைக்கே |
| 700 அடித் தண்ணீர் | முடியும் | முடியும் | இழுபறி | முடியும், கட்டாது |
| மறைசெலவு | காத்திருப்பு, எரியும் காயில் | கடன் வட்டி, அதே வோல்டேஜ் | தொட்டி, மூப்பு, பழுதுக்கு ஆள் | சத்தம், ஆள்கூலி |
| ராத்திரித் தண்ணீர் | முறை வைத்து | முறை வைத்து | தொட்டி இருந்தால் மட்டும் | எப்போதும் |

## யாருக்கு எது

காவேரிப்பட்டணத்து அம்மாவிடம், "அம்மா, வருஷத்தில் ஒன்பது மாதம் பேனல் சும்மா வெயில் காயும். மணிக்கு இவ்வளவு என்று இன்ஜின் வாடகைக்குக் கிடைக்கிற வரை அதிலேயே ஓட்டுங்க" என்றேன். மகனுக்குக் கோபம். தோப்புக்கு நடுவே காய்கறி போடும் எண்ணம் இருக்கிறது என்றான் அப்புறம். அப்படியென்றால் கதை வேறு. 60 அடிக்கு 3 ஹெச்பி சோலாரே தாராளம், அம்மா குறு விவசாயி என்பதால் 70 சதவீத மானியமும் கிடைக்கலாம். அம்மாவும் மகனும் கடை வாசலிலேயே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.

அஞ்செட்டிக்காரருக்கு யோசிக்கவே இல்லை, சோலார். ஒரு கிலோமீட்டர் லைன், அதுவும் காட்டை ஒட்டி. தட்கலில் பணம் கட்டினாலும் கம்பம் நட வழி கிடைக்கிற வரை வேலை நகராது. தண்ணீரும் அவருக்கு 200 அடிக்குள்தான்.

பட்டுக்கூடு வளர்ப்பவர்களுக்கும், ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் ரோஜா போடுகிறவர்களுக்கும் சோலார் மட்டும் போதாது என்பது என் கருத்து. மல்பெரிக்கு வருஷம் பூராவும் இலை வேண்டும், ரோஜாவுக்கு உரத்தண்ணீர் மணி தவறக்கூடாது. அவர்கள் ஈபி சர்வீஸைப் பிடித்துக்கொண்டு ஜெனரேட்டரைத் துணைக்கு வைப்பதே நல்லது. முடிந்தால் தட்கல்.

பென்னாகரத்துத் தம்பிதான் என்னைக் குழப்பிவிட்டார். 820 அடி போர் என்றதும், சோலார் வேண்டாம், தட்கல் திறக்கிறதா பார், அதுவரை பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் பேசு என்று சொல்லி அனுப்பினேன். 10 ஹெச்பி மோட்டாருக்கு முன்பணம் கொடுக்கப் போனவரை, முதலில் அளந்துவிட்டு வா என்று தடுத்தும் வைத்தேன். அளந்துவிட்டு, கயிறோடு திரும்ப வந்தார். வாடகை மோட்டார் நாள் முழுக்க ஓடிய பிறகும் தண்ணீர் 380 அடியிலேயே நின்றிருக்கிறது. ஆழத்தில் விழுந்த தண்ணீர் அவ்வளவு மேலே ஏறி நிற்கிறது.

380 அடி என்றால் ஏக்கருக்கு நாளைக்கு 12 யூனிட். 5 ஹெச்பி போதும், 10 வேண்டவே வேண்டாம். சோலாரும் தாங்கும். என் பதிலை நானே மாற்றிச் சொன்னேன். மறுநாளே பிரிவு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வேளாண் பொறியியல் துறையில் படிவமும் வாங்கிக்கொண்டார். அப்புறம் வீட்டில் தேடியபோது, தாத்தா 2009இல் அதே சர்வே எண்ணுக்குச் சுயநிதி வரிசையில் பதிந்த சீட்டு ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடைத்திருக்கிறது. இப்போது ஒரு கையில் அந்தச் சீட்டு, இன்னொரு கையில் மூப்பைத் துறக்கும் சம்மதக் கடிதம். தாத்தாவின் வாரிசுகள் ஏழு பேர், அதில் ஒருவர் பெங்களூரில். கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.